பழைய மரச்சாமான்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முதுகுப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

பழைய மரச்சாமான் வாங்கச் செல்பவர்கள் பெரும்பாலும் மேற்பரப்பின் பளபளப்புக்கும் செதுக்கு வேலைக்கும் மனத்தைப் பறிகொடுத்துவிடுகிறார்கள். விற்பவர் துடைத்து மெருகேற்றி வைப்பதும் அந்தப் பக்கத்தைத்தான். ஆனால் ஒரு பொருளின் வயது, உறுதி, அதில் நடந்திருக்கும் பழுதுவேலை ஆகிய மூன்றையும் மறைக்காமல் காட்டுபவை அதன் அடிப்பக்கமும் முதுகுப்பலகையும் இழுப்பறையின் உட்புறமும்தான். ஆகவே கையில் ஒரு டார்ச் விளக்கும் அளவுநாடாவும் எடுத்துச் செல்லுங்கள். பொருளைக் கவிழ்த்தும் நகர்த்தியும் பார்க்க அனுமதி கேளுங்கள். அதற்கு மறுப்பவரிடம் வாங்காமல் திரும்புவதே நல்லது.

வணிக வழக்கில் 100 ஆண்டுகளைக் கடந்தவற்றை ஆன்டிக் என்றும், அந்த வயதை எட்டாவிட்டாலும் தம் காலத்து வடிவமைப்பைத் தெளிவாகக் காட்டுபவற்றை வின்டேஜ் என்றும் அழைக்கிறார்கள். வடிவமைப்பின் வயதும் உங்கள் முன் இருக்கும் பொருளின் வயதும் ஒன்றல்ல என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நீராவியில் வளைத்த மரத்தால் ஆன தோனெட் நிறுவனத்தின் 14ஆம் எண் நாற்காலி 1859இல் வந்தது. டென்மார்க் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த ‘விஷ்போன்’ நாற்காலி 1950 முதல் விற்பனையில் இருக்கிறது. இரண்டும் இன்றும் தயாராகின்றன, போலிகளும் ஏராளம். எனவே உருவத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காமல், இருக்கையின் அடியில் தயாரிப்பாளரின் முத்திரையோ ஒட்டுச்சீட்டோ இருக்கிறதா என்று தேடுங்கள்.

இழுப்பறை உள்ள பொருளாக இருந்தால், முதலில் அதை முழுவதுமாக வெளியே உருவி எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். முகப்புப் பலகையும் பக்கப் பலகையும் சேரும் மூலையில், புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பதைக் காணலாம். அந்தப் பற்கள் எண்ணிக்கையில் குறைவாகவும், அகலத்தில் ஒன்றுக்கொன்று சிறிது மாறுபட்டும், தச்சர் அளவுக்காகக் கீறிய கோடு பக்கத்தில் மெலிதாகத் தெரியும்படியும் இருந்தால் அது கையால் வெட்டிய இணைப்பு. எல்லாப் பற்களும் ஒரே அளவில் வரிசையாக இருந்தால் அது இயந்திர வேலை. அத்தகைய வேலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. பற்களுக்குப் பதிலாக அரைவட்டங்களும் அவற்றின் நடுவே சிறு முளைகளும் தெரிந்தால் அது நேப் இணைப்பு. 1870களிலிருந்து 1900 வரையிலான அமெரிக்கத் தொழிற்சாலைகளின் அடையாளம் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம்.

பிறகு இழுப்பறையைக் கவிழ்த்து அடிப்பலகையின்மீது விரல்நுனிகளை மெதுவாக ஓட்டுங்கள். கை இழைப்புளியால் இழைத்த பலகையில் கண்ணுக்குப் புலப்படாத ஆழமற்ற பள்ளங்கள் அலை அலையாகத் தட்டுப்படும். ரம்பத்தின் தடங்கள் நேர்கோடுகளாக, ஆனால் சீரற்ற இடைவெளியில் இருந்தால் கையால் அறுத்ததாக இருக்கலாம். வில்போல் வளைந்திருந்தால் வட்ட ரம்பம் அறுத்தது, ஆகவே அந்தப் பலகை 19ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பக்கப் பலகைகளின் கீழ்விளிம்பையும் கவனியுங்கள். பல தலைமுறையாக இழுத்து மூடிய இழுப்பறையில் அந்த விளிம்பு தேய்ந்திருக்கும். அது நகரும் சட்டத்திலும் அதற்கு ஒத்த தேய்மானம் இருக்கும். மேற்பரப்பு மட்டும் மிகப் பழையதாகத் தெரிந்து இந்த இடம் கூர்மையாக இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். கண்ணில் படாத உட்புறத்துக்குப் பழைய தச்சர்கள் சாயம் பூசுவது அரிது. அங்கே ஒரே சீராகச் சாயம் பூசியிருந்தால், புதிய மரத்தைப் பழையதாகக் காட்டும் முயற்சியோ என்று ஐயப்படலாம்.

வட்ட மேசைக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. மரம் அதன் ரேகை ஓடும் திசையில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. குறுக்குத் திசையில்தான் சுருங்கும். ஆகவே திடமரப் பலகையால் ஆன பழைய வட்ட மேசையை இரு திசைகளிலும் அளந்தால், குறுக்கு அளவு சில மில்லிமீட்டராவது குறைந்திருக்க வேண்டும். மிகப் பழையது என்று சொல்லப்படும் மேசை துல்லியமான வட்டமாக இருந்தால் விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள்.

திருகாணிகளும் ஆணிகளும் துணைச் சான்றுகள் மட்டுமே. கூட்டல்குறித் தலையுள்ள திருகாணி 1930களில் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய திருகாணிகளின் முனை பெரும்பாலும் மழுங்கியிருக்கும். ஆனால் ஒரு புதிய திருகாணியைக் கண்டதும் பொருளே போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது, ஏனெனில் நேர்மையான பழுதுபார்ப்பிலும் அது வந்திருக்கலாம். மேலும் கீழுமாக இரு பகுதிகள் கொண்ட அலமாரிகளில் வேறொரு சிக்கல் உண்டு: வெவ்வேறு பொருள்களின் பகுதிகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி விற்பார்கள். இரண்டின் முதுகுப்பலகைகளும் இணைப்பு முறையும் மரமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

வயதைவிட உறுதிக்கே நான் முதலிடம் தருவேன், ஏனெனில் நாம் வாங்குவது காட்சிப்பொருளை அல்ல, அன்றாடம் உட்காரவும் திறந்து மூடவும் வேண்டிய ஒன்றை. நாற்காலியின் முதுகை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். மூட்டுகள் ஆடினால் அஞ்ச வேண்டியதில்லை. விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பழைய பசை காய்ந்து விட்டுப்போயிருக்கும். வெப்பமும் ஈரமும் பட்டால் அது இளகும் என்பதால், தேர்ந்த தச்சர் மூட்டைச் சேதமின்றிப் பிரித்து மறுபடி ஒட்டிவிடுவார். ஆணி அடித்தும், இரும்புத் தகடு பொருத்தியும், எபாக்சி என்ற கெட்டிப் பசை ஊற்றியும் இறுக்கிய நாற்காலிதான் உண்மையான தொல்லை. அப்படி இறுக்கியதைப் பிரிக்கும்போது மரமே உடைகிறது. ரேகையோடு ஓடும் விரிசலை ஒட்டலாம்; காலின் குறுக்கே முறிந்த இடம் எடையைத் தாங்காது.

நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 43 முதல் 46 சென்டிமீட்டர், சாப்பாட்டு மேசை 72 முதல் 76 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பது இன்றைய வழக்கம். இரண்டையும் தனித்தனியாக வாங்கினால், இருக்கைக்கும் மேசைப் பலகைக்குக் கீழுள்ள சட்டத்துக்கும் இடையே தொடைக்குப் போதிய இடம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். வாசல், மாடிப்படித் திருப்பம் ஆகியவற்றின் அளவும் கையில் இருக்கட்டும்.

பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பாலிஷ் போட வேண்டும் என்ற எண்ணத்தோடு தயவுசெய்து வாங்காதீர்கள். கைபட்டுப் பட்டு ஏறிய அந்த நிறத்தை எந்தப் பட்டறையாலும் திரும்பக் கொடுக்க முடியாது. பொருளின் மதிப்பும் சரியும். மறைவான ஓரிடத்தில் ஒரு துளி ஆல்கஹால் வைத்தால் பூச்சு பிசுபிசுக்குமானால் அது அரக்குப் பூச்சு. கீறல்களை அதன்மேலேயே அரக்குப் பூசிச் சரிசெய்துவிடலாம். பெயின்ட் அடித்த பழைய பொருள்களில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய குழந்தைத் தொட்டிலை அழகுக்காகக் கூட வாங்கிப் பயன்படுத்தாதீர்கள். கம்பிகளுக்கிடையே சுமார் 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு.

எல்லை தாண்டி வரவழைப்பதாக இருந்தால் மரத்தின் வகையையும் கேட்டறியுங்கள். பிரேசில் ரோஸ்வுட் மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கிறது. தந்த வேலைப்பாடு உள்ளவற்றுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. வயதை நிறுவும் ஆவணம் இல்லாவிட்டால் பொருள் சுங்கத்திலேயே தங்கிவிடக்கூடும்.

கடைசியாக உளுத்துப்போன மரம். வண்டு வெளியேறிய துளைகள் 1 முதல் 2 மில்லிமீட்டர் விட்டத்தில் வட்டமாக இருக்கும். துளையின் உட்புறம் கறுத்திருந்தால் பெரும்பாலும் பழைய பாதிப்பு. உட்புறம் வெளிறி, கீழே வெளிர்நிறத் தூள் உதிர்ந்திருந்தால் புழு இன்னும் உள்ளே இருக்கிறது. துளைகளுக்குப் பதிலாகப் புழு குடைந்த நீண்ட வாய்க்கால்கள் மேற்பரப்பிலேயே திறந்து தெரிந்தால், ஏற்கெனவே உளுத்த பழைய பலகையைப் பின்னாளில் அறுத்து அந்தப் பொருளைச் செய்திருக்கிறார்கள் என்று பொருள். வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னும் மற்ற மரப்பொருள்களோடு உடனே சேர்க்காமல், அடியில் கறுப்புக் காகிதம் விரித்துத் தனியாக வையுங்கள். இந்தப் புழுக்கள் மரத்துக்குள் சில ஆண்டுகள்கூட வாழ்ந்து, பெரும்பாலும் வெப்பமான மாதங்களில்தான் வண்டாகி வெளியே வருகின்றன. ஆகவே ஒரு வெப்பப் பருவம் முழுவதும் காகிதத்தை அவ்வப்போது பார்த்து, தூள் விழுந்தால் உடனே பூச்சி நீக்குபவரை அழையுங்கள்.