உப்பை இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்குமா?

9 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டர், மூன்று வயர், இரண்டு முனையும் சீவிய இரண்டு பென்சில், 200 மில்லி காய்ச்சி வடித்த நீர், சமையல் உப்பு, ஒரு அட்டை. இவ்வளவு போதும். வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்கை மட்டும் இதற்குத் தொடவே கூடாது.

அட்டையில் 3 செ.மீ. இடைவெளியில் துளையிட்டுப் பென்சில்களைச் செருகி, டம்ளர் மேல் வையுங்கள். சீவிய கூர் முழுக்க நீரில் மூழ்க வேண்டும். அதற்கு மேல் இருக்கும் மரம் மின்சாரத்தை அவ்வளவாக விடாது என்பதால் ஆழம் கொஞ்சம் மாறினாலும் கவலையில்லை. இடைவெளி மாறினால்தான் வம்பு. கூர்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடலாம்.

மீட்டரை 200 மில்லி ஆம்பியர் டிசியில் வைத்து, பேட்டரி, மீட்டர், பென்சில்கள் எல்லாவற்றையும் தொடராக இணையுங்கள். வெறும் நீரில் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டும். அப்புறம் கால் டீஸ்பூன் உப்பு போட்டுக் கலக்கி, ஐந்தே விநாடி இணைத்து எண்ணைக் குறித்துக்கொண்டு துண்டித்துவிடுங்கள். நேர் முனையில் குளோரின் வாயு வரும், ஜன்னல் திறந்திருக்கட்டும். இன்னொரு கால் டீஸ்பூன், மறுபடி ஒரு அளவு. இப்படியே ஐந்தாறு முறை.

எண் ஏறும், ஆனால் போகப்போகச் சோம்பும். இதில் பென்சில் கரியின் மின்தடைக்கும் பேட்டரி தளர்வதற்கும் பங்குண்டு, முழுப் பழியையும் உப்பின் மேல் போட முடியாது. சரி, துல்லியமான கருவியில்? பொட்டாசியம் குளோரைடு என்ற இன்னொரு உப்பை எடுத்துக்கொள்வோம். அதன் 0.01 மோலார் (மோலார் என்பது செறிவின் அலகு) கரைசலின் கடத்துதிறன், அதாவது மின்சாரத்தை விடும் திறன், 25 டிகிரி செல்சியஸில் சென்டிமீட்டருக்கு 1.41 மில்லிசீமென்ஸ் (கடத்தும் திறனின் அலகு). செறிவைப் பத்து மடங்காக்கினால் 12.9. அதாவது ஒன்பது மடங்கு சொச்சம்தான். அயனிகள், அதாவது உப்பு கரைந்து பிரியும் மின்சுமைத் துகள்கள், நெருக்கமாகும்போது ஒவ்வொன்றையும் எதிர் மின்சுமை கொண்டவை சூழ்ந்துகொண்டு பின்னால் இழுக்கின்றன. கூட்டத்தில் நடப்பதைப் போல.

வினிகரில் கதையே வேறு. அதில் இருப்பது அசெட்டிக் அமிலம். அதன் 0.1 மோலார் கரைசலில் நூறு மூலக்கூறுக்கு ஒன்று சொச்சம்தான் அயனியாகப் பிரிந்திருக்கும். நீர் சேர்த்தால் பிரியும் விகிதம் கூடும். அதனால் செறிவைப் பாதியாக்கினாலும் கடத்துதிறன் பாதிக்கு இறங்காது, சுமார் 70 சதவீதத்திலேயே நிற்கும்.