டிஃபன் பாக்ஸ் காலியாகத் திரும்பி வர: பள்ளிச் சாப்பாடு கட்டும் முறை

வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் அதே உணவை என் மகள் பள்ளியிலிருந்து பாதிக்கு மேல் திருப்பிக் கொண்டுவருவாள். ருசியை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. கட்டும் விதத்தை மாற்றியதும்தான் டப்பா காலியாக வர ஆரம்பித்தது. அதனால் இதில் சமையல் குறிப்பு எதுவும் இல்லை. காலையில் அடுப்பிலிருந்து இறங்கியது மதியம் மூடியைத் திறக்கும்வரை நன்றாக இருக்கவேண்டும், அதற்கான வழி மட்டும்தான்.

1. டப்பா

வாங்கியதும் குழந்தை கையில் கொடுத்துத் தானாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். திணறினால் அந்த டப்பா வேண்டாம். மதிய இடைவேளையே கொஞ்ச நேரம், அதில் மூடியோடு மல்லுக்கட்டினால் எப்போது சாப்பிடுவது? என் ஓட்டு, இரண்டு பக்கக் கிளிப் வைத்த சின்ன எவர்சில்வர் டப்பாவுக்கு. பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப் பிசுக்கும் பழைய வாசனையும் போகவே போகாது.

2. என்ன, எவ்வளவு

பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறோ ரொட்டியோ, கால் பங்கு முட்டை, பயறு, பனீர், கோழி மாதிரி புரதம். பயறு வைக்கும் நாளில் ஆரஞ்சோ கொய்யாவோ சேர்த்து வையுங்கள், அதிலுள்ள வைட்டமின் சி பயறின் இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். குடிக்கத் தண்ணீர் போதும், ஜூஸ் வேண்டாம்.

புதுக் காயைப் பள்ளியில் அறிமுகப்படுத்தாதீர்கள். முதலில் வீட்டில், கொஞ்சமாக. ஒரு காயைப் பத்துப் பன்னிரண்டு தடவை பார்த்த பிறகே வாயில் வைக்கும் குழந்தைகள் நிறைய உண்டு.

3. ஆவி, சூடு: டப்பா கெடுவது இங்கேதான்

ஆவி பறக்கப் பறக்க மூடினால், அந்த ஆவி மூடியில் நீராகி உணவின் மேலேயே சொட்டும். மதியம் திறந்தால் எல்லாம் சொதசொத. அதற்காக நெடுநேரம் ஆறவிட்டு வெதுவெதுப்பாகக் கட்டுவதும் சரியில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அந்தச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான்.

ஆகவே நன்றாகச் சூடாகக் கட்டுங்கள், இல்லையென்றால் நன்றாகக் குளிர்ச்சியாகக் கட்டுங்கள்.

சூடு என்றால் ஃபிளாஸ்க். கொதிக்கும் தண்ணீரை அதில் ஊற்றி மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீரைக் கொட்டிய கையோடு, கொதிக்கக் கொதிக்க உணவை விளிம்பு வரை நிரப்புங்கள். இந்தத் தண்ணீர் வேலையை விட்டால் உணவின் சூட்டை ஃபிளாஸ்க்கே குடித்துவிடும். பாதி நிரப்பினாலும் சீக்கிரம் ஆறும். சூப், குழம்பு, குழைவான சோறு இதற்குச் சரி. மொறுமொறுப்பானது எதுவும் வேண்டாம்.

குளிர்ச்சி என்றால் அகலத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் டப்பாவில் போட்டு முந்தைய இரவே ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் ஐஸ் பேக்கை டப்பாவின் மேல் வைக்கவேண்டும், குளிர்ந்த காற்று கீழேதான் இறங்கும். ஐஸ் பேக் இல்லையா, சின்னத் தண்ணீர் பாட்டிலை உறையவைத்தால் போதும்.

மிச்சச் சோற்றில் மட்டும் கூடுதல் கவனம். அதிலிருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. இரவு முழுக்க வெளியே கிடந்தால் நச்சு உண்டாகும், காலையில் எவ்வளவு சூடாக்கினாலும் அது போகாது.

4. நறுக்குவது

வெள்ளரிக்கு முன்கூட்டியே உப்புப் போடாதீர்கள், தண்ணீர் விட்டுவிடும். ரொட்டியில் முதலில் வெண்ணெய் தடவி அப்புறம் காயை அடுக்கினால் ஈரம் ஊறாது. ஆப்பிள் துண்டுகளை, அரை டீஸ்பூன் உப்புக் கரைத்த ஒரு கப் தண்ணீரில் சில நிமிடம் போட்டு அலசி எடுத்தால் சீக்கிரம் கறுக்காது. ஆரஞ்சை உரித்தே வையுங்கள், உரிக்கிற பொறுமை அந்த நேரத்தில் இருக்காது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டவேண்டும், முழுசாகத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

5. கேட்பது

‘நாளைக்கு என்ன வேணும்?’ என்று கேட்டால் தொலைந்தீர்கள். ‘கேரட்டா, வெள்ளரியா?’ என்று முந்தைய இரவே கேளுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் சொன்ன சிக்கல்கள்:

காய் மட்டும் திரும்பி வருகிறது என்றால், அதைத் தனிச் சின்ன டப்பாவில் போட்டுக் காலை இடைவேளைக்குக் கொடுங்கள். பசி நேரம், பக்கத்தில் போட்டிக்கு வேறு உணவும் இல்லை.

பாதாம், வேர்க்கடலை வைக்கலாமா? ஒவ்வாமை காரணமாகச் சில பள்ளிகளில் தடை உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கொட்டையே வேண்டாம்.

ஃபிளாஸ்க் மூடியைத் திறக்க முடியவில்லை என்று பலர் சொன்னார்கள். உள்ளே ஆவி குளிரும்போது காற்றழுத்தம் குறைந்து மூடி இறுகிக்கொள்கிறது. உணவை நிரப்பி ஒரு நிமிடம் ஆவியைப் போகவிட்டு மூடுங்கள், ஒரேயடியாக முறுக்கவும் வேண்டாம். புதிதாக வாங்குவதானால் மூடியில் காற்றை விடும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கழுவும்போது மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்றிக் கழுவுங்கள், வாடை அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.