வரைவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

புள்ளியியல் வரைபடம் போட வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மென்பொருள் நல்லது என்பதைத்தான். எக்செல், ஆர், பைதான் என எதை எடுத்தாலும் ஒழுங்கான படம் போடலாம். பெரிய தவறுகள் அதற்கு முன்பே, எந்த எண்களைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும்போதே நடந்துவிடுகின்றன.

இதன் விலையைக் காட்டியது சேலஞ்சர் விபத்து. 1986 ஜனவரி 28 அன்று அந்த அமெரிக்க விண்ணோடம் சிதறி 7 பேர் இறந்தார்கள். கடுங்குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காமல் போகலாம் என்று பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்திருந்தார்கள். ஆனால் அன்று ஒப்பிடப்பட்டவை, வளையம் சேதமான பயணங்கள் மட்டுமே. அவற்றில் ஒன்று 53 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நடந்தது, இன்னொன்று 75 டிகிரியில். அப்படிப் பார்த்தால் குளிருக்கும் சேதத்துக்கும் தொடர்பே இல்லை என்றுதான் தோன்றும். சேதமே இல்லாத பயணங்களையும் அதே படத்தில் வைத்தால் கதை மாறுகிறது: 65 டிகிரிக்குக் கீழே கிளம்பிய நான்கு முறையும் சேதம், சேதமில்லாதவை எல்லாம் அதற்கு மேலே. எதுவும் நடக்காத நாட்களும் தரவுதான். நோயோ விபத்தோ இயந்திரக் கோளாறோ, நடந்ததை மட்டும் எண்ணினால் காரணம் பிடிபடாது.

அடுத்த தவறு, புள்ளிகளைப் பார்க்காமலே சராசரிக்குப் போவது. 1973-ல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் நான்கு சிறிய தரவுத் தொகுப்புகளை உருவாக்கினார். சராசரி, பரவல் (எண்கள் எவ்வளவு விரிந்து கிடக்கின்றன), ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன) என எல்லாம் நான்கிலும் கிட்டத்தட்ட ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று நேர்கோட்டை ஒட்டிச் சிதறிக் கிடக்கிறது, ஒன்று வளைகிறது, மற்ற இரண்டிலும் ஒற்றைப் புள்ளி முடிவையே இழுத்துப் போகிறது. அதனால் முதலில் ஒவ்வொரு அளவீட்டையும் ஒரு புள்ளியாக வைக்கும் சிதறல் படம், அப்புறம் சராசரி. முப்பது நாற்பது அளவீடுகள்தான் என்றால் சராசரியைக் காட்டும் பட்டையே வேண்டாம், எல்லாப் புள்ளிகளையும் அப்படியே காட்டிவிடலாம்.

எக்செல் தானாகச் செய்யும் மாற்றங்களையும் கவனியுங்கள். செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்களை அது செப்டம்பர் 2 என்று தேதியாக்கிக் கொண்டே இருந்ததால், கடைசியில் 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று! அதே ஆண்டு இங்கிலாந்தில் பழைய எக்செல் கோப்பின் 65,536 வரிசை வரம்பால் கிட்டத்தட்ட 16,000 கோவிட் தொற்றுகள் கணக்கில் விடுபட்டன. கோப்பைத் திறந்ததும் வரிசைகளை எண்ணிப் பாருங்கள், பெயர் உள்ள நெடுவரிசைகளைத் தரவை உள்ளிடும் முன்பே உரை வகையாக மாற்றி வையுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

படத்தின் எண் அச்சு பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற விதி பட்டைப் படத்துக்கு உரியது. அங்கே நாம் ஒப்பிடுவது நீளத்தை. கோட்டுப் படத்துக்கு அது கட்டாயமில்லை. உடல் வெப்பநிலையைப் பூஜ்ஜியத்திலிருந்து வரைந்தால் காய்ச்சலே தெரியாது.

எண்களை நிறங்களால் காட்டும்போது வானவில் வரிசையைத் தவிர்த்துவிடுங்கள். எண் சீராக ஏறும் இடத்திலும் மஞ்சள் திடீரெனத் துருத்தி, இல்லாத எல்லையைக் காட்டும். பைதானில் படம் வரையும் கருவியான மேட்பிளாட்லிப், தன் இயல்பு நிற வரிசையை 2017-ல் அதிலிருந்து விரிடிஸுக்கு, அதாவது கருஊதாவிலிருந்து மஞ்சள் வரை சீராக வெளிறும் வரிசைக்கு, மாற்றியது. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும், சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் பார்த்தாலும் அதில் ஏற்ற இறக்கம் புரியும்.