காந்த உறையில் பிளாஸ்மா தாரைகளைக் கண்டெடுப்பது எப்படி

சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள் ஓட்டம், அதாவது பிளாஸ்மா, சூரியக் காற்று எனப்படுகிறது. பூமியின் காந்தப்புலத்துக்கு முன்னால் நிற்கும் வில் வடிவ அதிர்ச்சி அலையே வில் அதிர்ச்சி. அதைத் தாண்டிய சூரியக் காற்று வேகம் குறைந்து, சூடேறி, அடர்ந்து, அதிர்ச்சிக்கும் பூமியின் காந்தப்புலத்துக்கும் இடைப்பட்ட காந்த உறை வழியாகப் பூமியைச் சுற்றிப் போகிறது. அந்த மந்தமான ஓட்டத்துக்கு நடுவே அரை நிமிட அளவுக்கு வேகத் தாரைகள் பாய்வதுண்டு. அவற்றை நாசாவின் தெமிஸ் விண்கலத் தரவிலிருந்து நீங்களே பிரித்தெடுக்கலாம்.

தேவையானவை: தெமிஸ் ஏ, டி, இ கலங்களின் 3 விநாடி அயனி அடர்த்தியும் திசைவேகமும், பல விண்கலங்களின் சூரியக் காற்று அளவீடுகளைத் தொகுக்கும் ஆம்னியின் 1 நிமிடத் தரவு. இரண்டும் நாசாவின் சிடிஏவெப் தளத்தில் இலவசம். பைத்தானில் பைஸ்பெடாஸ் நிரல் தொகுப்பே இறக்கிக் கொடுத்துவிடும்.

முதலில் இடம். பூமியின் சூரியப் பக்கத்தில், சூரியன்-பூமி கோட்டிலிருந்து 30 பாகைக்குள், பூமியின் மையத்திலிருந்து 7 முதல் 18 புவி ஆரத் தொலைவுக்குள் கலம் இருக்கும் நேரங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காந்த உறையின் எல்லைகள் முன்னும் பின்னும் நகர்வதால் இது மட்டும் போதாது. அடர்த்தி சூரியக் காற்றைப்போல் 2 மடங்குக்கு மேல் இருக்கவேண்டும். அயனி ஆற்றல் வரைபடத்தையும் கண்ணால் பாருங்கள்: 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே மெல்லிய கோடு தெரிந்தால் அது சூரியக் காற்று, அகலமான பட்டைதான் காந்த உறை.

அடுத்து இயக்க அழுத்தம். கன சென்டிமீட்டருக்கான அடர்த்தியை, விநாடிக்கு கிமீ கணக்கில் வேகத்தின் எக்ஸ் கூறின் (பூமியிலிருந்து சூரியனை நோக்கிய திசை நேர்மறை) வர்க்கத்தால் பெருக்கி, 0.0000016726 ஆல் பெருக்கினால் நானோபாஸ்கலில் வரும். இது சூரியக் காற்றின் அழுத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாரை. கால் பங்குக்கு மேலேறும் இடம் தொடக்கம், கீழிறங்கும் இடம் முடிவு. 2013இல் பிளாஷ்க்கே என்ற ஆய்வாளரின் குழு வகுத்த அளவுகோல் இது. சூரியக் காற்றில் அடர்த்தி 5, வேகம் விநாடிக்கு 400 கிமீ என்றால் 1.34 நானோபாஸ்கல். உறையில் அடர்த்தி 20 இருந்தால், எக்ஸ் திசையில் விநாடிக்கு சுமார் 141 கிமீ தாண்டவேண்டும். வர்க்கத்தில் குறி மறைந்துவிடும் என்பதால், எக்ஸ் கூறு எதிர்மறையா என்று தனியாகச் சோதியுங்கள். இல்லாவிட்டால் சூரியனை நோக்கித் திரும்பும் ஓட்டமும் பட்டியலில் ஏறிவிடும்.

பெரும்பாலான பிழைகள் கலத்தின் தரவில் வருவதில்லை, ஒப்பிட எடுக்கும் சூரியக் காற்றில்தான் வருகின்றன. ஆம்னியில் அளவீடு இல்லாத இடத்தில் அடர்த்தி 999.99 என்றும் வேகம் 99999.9 என்றும் நிரப்பியிருப்பார்கள். அவற்றை நீக்காமல் சராசரி எடுத்தால் வரம்பு எங்கோ ஏறி, நாள் முழுக்க ஒரு தாரையும் கிடைக்காது. ஆம்னி தரும் அழுத்த எண்ணையும் அப்படியே எடுக்காதீர்கள். அதன் பெருக்கெண் 0.000002 என்பதால், மேற்படி 0.0000016726 உடன் ஒப்பிட்டால் வரம்பு ஒட்டிய தாரைகள் நழுவிவிடும். இரு பக்கமும் ஒரே பெருக்கெண் வேண்டும்.

நேரமும் ஏமாற்றும். ஆம்னி தரவு வில் அதிர்ச்சியின் முனைக்கு நகர்த்தப்பட்டது. அந்தக் கணக்கு சில நிமிடங்கள் பிசகலாம். முந்தைய 5 நிமிடச் சராசரியை எடுங்கள். அருகில் சூரியக் காற்றின் அழுத்தமே சட்டென்று எகிறியிருந்தால், அந்த நிகழ்வைத் தனியே ஒதுக்கிவையுங்கள்.

கடைசியாக, சூரியக் காற்றின் காந்தப்புலம் சூரியன்-பூமி கோட்டோடு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். 30க்குக் கீழ் இருக்கும்போதுதான் சூரியனைப் பார்த்த முகப்பில் தாரைகள் மிகுதி. அப்போது புலம் அதிர்ச்சிப் பரப்புக்கான செங்குத்துக் கோட்டுக்கு ஏறக்குறைய இணையாக அமைந்து, அதிர்ச்சி கரடுமுரடாகிறது. 80 பாகையில் தாரைகள் வரிசையாகக் கிடைத்தால், நிரப்பு எண்களிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.