முதல் வரியிலேயே விலையைச் சொல்லுங்கள்

சேலை விற்கும் பக்கங்களில் பல பதிவுகள் "அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்" என்றுதான் தொடங்குகின்றன. இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே ஓரிரு வரிகளே முதலில் தெரியும். மீதியைத் தொட்டுத்தான் விரிக்க வேண்டும். கிடைக்கும் அந்தச் சிறிய இடத்தை வணக்கமே தின்றுவிடுகிறது. எக்ஸ் தளத்தில் நெருக்கடி இன்னும் அதிகம். 'கொ' நமக்கு ஓர் எழுத்து, கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடு கணக்கில் இரண்டு. அதனால் 280 எழுத்து வரம்பு தமிழில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஆகவே "மதுரைச் சுங்குடி, பருத்தி, கையால் முடிச்சிட்டது, 950 ரூபாய்" என்றே ஆரம்பியுங்கள். விலையை மறைத்து "இன்பாக்ஸுக்கு வாருங்கள்" என்று அழைப்பது எனக்கு அறவே பிடிக்காத பழக்கம். கேட்கக் கூச்சப்படுபவர் பேசாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அவர் போனது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

படத்தைப் பகலில் ஜன்னலோரம் எடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் அரக்கு வேறு நிறமாகத் தெரியும், பிறகு சேலை திரும்பி வரும். உடல், கரை, முந்தானை மூன்றும் தெரியட்டும். சாயம் போகுமா என்ற சந்தேகம் வாங்குபவருக்கு நிச்சயம் இருக்கும்; ஒரு சேலையை அலசிக் காட்டும் சிறு வீடியோ போடுங்கள்.

வாசகரிடம் கேள்வி கேட்பதானால் "பிடித்திருக்கிறதா?" வேண்டாம். "பொங்கலுக்கு அரக்கா, மஞ்சளா?" என்று கேளுங்கள். ஒரே சொல்லில் பதில் வரும். பதில் எழுதியவருக்கு அன்றே மறுமொழி கொடுங்கள்.

இணைய முகவரியை இன்ஸ்டாகிராம் பதிவின் வரிகளில் எழுதினால் தொட்டுத் திறக்க முடியாது. அதை உங்கள் பக்கத்தின் அறிமுகப் பகுதியில் வையுங்கள்.