பாட்டில் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா: நாக்கைச் சோதிக்கும் முறை

இரண்டு தம்ளரை வைத்து எது எதென்று கேட்டால், குருட்டாம்போக்கில் சொன்னாலும் பாதிமுறை சரியாகிவிடும். மூன்று தம்ளர் முறைதான் நம்பகமானது.

ஒரே மாதிரியான கண்ணாடித் தம்ளர்களைச் சோப்பு வாடை போகக் கழுவுங்கள். இரண்டில் ஒரே தண்ணீர், மூன்றாவதில் மற்றது, தலா 50 மி.லி. ஊற்றியவர் அறையை விட்டுப் போய்விட வேண்டும்; அவர் முகமே விடையைக் காட்டிக்கொடுக்கும். குடிப்பவர் மாறுபட்ட தம்ளரைச் சொல்ல வேண்டும். வரிசையை மாற்றி மாற்றி 6 சுற்று. 5 சரியென்றால் வேறுபாடு அநேகமாக நிஜம். 4 தற்செயலாகவும் வரும், சுமார் பத்தில் ஒரு வாய்ப்பு.

சோதனையைப் பெரும்பாலும் கெடுப்பது வெப்பநிலை. பாட்டில் ஃபிரிட்ஜிலிருந்து வந்தால் நாக்கு சில்லிப்பைத்தான் கண்டுபிடிக்கும். குளிர்ச்சி குளோரின் வாடையையும் மட்டுப்படுத்தும். இரண்டையும் மூடி, ஒரே இடத்தில் சில மணிநேரம் வைத்த பிறகே ஊற்றுங்கள்.

வேறுபாடு தெரிந்தால் காரணத்தையும் தேடலாம். குழாய்த் தண்ணீரை அகலமான பாத்திரத்தில் இரவு முழுக்கத் திறந்துவைத்து மறுபடி சோதியுங்கள். வேறுபாடு மறைந்தால் பெரும்பாலும் குளோரின்தான் காரணம். மறையாவிட்டால் கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் போன்ற தாதுக்களாக இருக்கலாம். பாட்டில் லேபிளில் அவற்றின் அளவு இருக்கலாம். குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீரிலும் வாடை போகாது, அது எளிதில் ஆவியாவதில்லை.