கறுப்புக் கோடு போட்ட வெள்ளை வட்டம்: பிரிட்டனில் வேன் ஓட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

பிரிட்டனில் ஊர் எல்லை தாண்டியதும் சாலையோரம் ஒரு பலகை நிற்கும். வெள்ளை வட்டம், குறுக்கே சாய்வாக ஒரு கறுப்புக் கோடு, எண் எதுவும் கிடையாது. இனி தேசிய வேக வரம்பு பொருந்தும் என்று அர்த்தம். கார் ஓட்டிப் பழகியவருக்கு அதைப் பார்த்ததும் ஆக்சிலரேட்டரில் கால் தானாக அழுந்தும். நடுவில் தடுப்பில்லாத சிங்கிள் கேரேஜ்வேயில் மணிக்கு 60 மைல், தடுப்பு உள்ள டூயல் கேரேஜ்வேயில் 70 என்பது மனப்பாடம். வீடு மாற்ற வாடகைக்கு வேன் எடுக்கிற நாளிலும் கால் அதே பழக்கத்தில்தான் போகும்.

ஆனால் அதே பலகைக்கு வேனில் வேறு அர்த்தம். 7.5 டன் வரையிலான சரக்கு வேனுக்கு சிங்கிளில் 50, டூயலில் 60. மோட்டார்வே என்ற அதிவேக நெடுஞ்சாலையில் மட்டும் காரைப் போல 70. டிரெய்லர் இழுத்தால் அங்கேயும் 60. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிங்கிள் கேரேஜ்வேயில் 44 டன் லாரிக்கும் இதே 50தான் என்றால் பலர் நம்புவதில்லை.

"நம்ம வேன் சின்னதுதானே" என்பது அடுத்த தவறு. காரிலிருந்து உருவான வேன் என்று ஒரு வகை உண்டு. பழைய ஃபோர்டு ஃபியஸ்டா வேன் போல. அதன் மொத்த எடை 2 டன்னுக்குள் இருந்தால் காரின் வரம்பே பொருந்தும். ஆனால் தெருவில் ஓடும் பெரும்பாலான வேன்கள் இதில் சேராது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் எடைத் தகட்டைப் பாருங்கள். பொதுவாக நான்கு எண்கள் இருக்கும். முதல் எண்தான் வண்டியும் சுமையும் சேர்ந்த உச்ச எடை. இரண்டாவது டிரெய்லரோடு சேர்த்து. மற்ற இரண்டும் அச்சுகளுக்கு. இன்று வேன் காலியாகத்தான் போகிறது என்ற வாதம் எடுபடாது. கணக்கில் வருவது தகட்டில் உள்ள எண், உள்ளே கிடக்கும் சோபா அல்ல. வேன் உங்களுடையது என்றால், அது காரிலிருந்து உருவான வகையா என்று அறிய, பதிவுப் புத்தகத்தில் 'பாடி டைப்' என்ன போட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

டூயல் கேரேஜ்வேயை லேன் எண்ணிக்கை வைத்து முடிவு செய்பவர்களும் நிறைய. போக இரண்டு, வர இரண்டு லேன் இருந்தாலும் நடுவில் பெயிண்ட் கோடு மட்டும் என்றால் அது சிங்கிள்தான். புல்திட்டோ தடுப்புக் கம்பியோ பிரித்தால்தான் டூயல். போனில் வழிகாட்டும் செயலியை நம்புவதும் ஆபத்து. அது உங்களைக் காரில் போகிறவராக நினைத்து 60 என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

தெருவிளக்கு வரிசையாக இருந்து வேறு பலகை இல்லாவிட்டால் இங்கிலாந்தில் 30. வேல்ஸில் 2023 செப்டம்பர் 17 முதல் அது 20. செவர்ன் பாலம் தாண்டி வேல்ஸுக்கு டெலிவரிக்குப் போகிறவர்கள் கவனிக்க.

வேக வரம்பை மீறி மாட்டினால் குறைந்தது 100 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 3 தண்டனைப் பாயிண்ட். பிரிட்டனில் முதல் தேர்வு பாஸாகி இரண்டு வருடத்துக்குள் 6 பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும்; மறுபடி எல் போர்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சென்னையிலோ கொழும்பிலோ 20 வருடம் ஓட்டிய அனுபவம் இங்கே கணக்கில் வராது.

அப்புறம் அந்த 14 நாள் கதை. வேக வரம்பை மீறியதற்கான போலீஸ் கடிதம் 14 நாளுக்குள் வராவிட்டால் தப்பித்தோம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்தக் கெடு, வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குப் போகும் முதல் கடிதத்துக்கு மட்டும்தான். வாடகை வேன் என்றால் அது கம்பெனிக்குப் போகும். அவர்கள் உங்கள் பெயரைக் கொடுத்த பிறகு வருவதுதான் உங்களுக்கான கடிதம். ஓட்டியது யார் என்று 28 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் அதற்கே 6 பாயிண்ட். வாடகைப் படிவத்தில் எந்த முகவரி எழுதினீர்கள்? வீடு மாற்றத்தானே வேன் எடுத்தீர்கள்; கடிதம் பழைய வீட்டு வாசலில் கிடக்கும்.